விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இலவச வக்கீல்: விண்ணப்பம் முதல் பணம் கைக்கு வரும்வரை

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் தன்னார்வலராகச் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். சாலை விபத்தில் கணவரை இழந்தவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள், கால் போனவர்கள் வருவார்கள். பெரும்பாலும் தாமதமாகத்தான் வருவார்கள். "இலவச வக்கீல் கிரிமினல் கேசுக்குத்தானே? தீர்ப்பாயத்துக்கெல்லாம் தருவாங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

தருவார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 'நீதிமன்றம்' என்றால் தீர்ப்பாயமும் அதில் அடக்கம் என்று 2ஆம் பிரிவே சொல்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதில் ஒன்று. இழப்பீடு கேட்கிறவருக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிற உறவினருக்கும், புதிதாகச் சேர்ந்த தன்னார்வலருக்கும் இதை எழுதுகிறேன். இங்கே வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப அதே படியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விபத்து என்றாலே தீர்ப்பாயம் என்று ஓட வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

மோதிய வண்டி எது என்று தெரியுமா? தெரிந்தால் தீர்ப்பாயம். இடித்துவிட்டு நிற்காமல் போய், கடைசிவரை எண்ணே கிடைக்கவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு என்று யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. மனுவை வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஒப்புதல் தருவது மாவட்ட ஆட்சியர் நிலையில். அந்த மனுவை எழுதித் தரவும் சட்டப்பணிகள் அலுவலகம் உதவும்.

வேலை நேரத்தில், வேலை காரணமாக நடந்த விபத்தா? லாரி ஓட்டுநர், கிளீனர், கம்பெனி வேனில் போன தொழிலாளி என்றால், தொழிலாளர் துறை ஆணையரிடம் 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி போகலாம், அல்லது தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான். எது அதிகம் தரும் என்று வக்கீலோடு கணக்குப் போட்டுப் பார்க்காமல் எங்கேயும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

தவறு யாருடையது? வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல், தானே ஓட்டிப் போய் விழுந்தவருக்குத் தீர்ப்பாயத்தில் பெரிதாகக் கிடைக்காது. சொந்த வண்டியின் பாலிசியில் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம்.

2. தகுதி: பலர் இங்கேதான் தவறாகத் திரும்பிப் போகிறார்கள்

"எங்களுக்குச் சொந்த வீடு இருக்கு, கிடைக்காது" என்று எழுந்து போன ஒரு அம்மாவை வாசல்வரை ஓடிப் போய்க் கூட்டி வந்திருக்கிறேன். சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரிலும் சாதி வன்கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வரம்பு இல்லை. இவர்கள் யாரிலும் சேராதவர்களுக்குத்தான் ஆண்டு வருமானம் கணக்கு. தமிழ்நாட்டில் அது 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இதை விபத்து வழக்கோடு பொருத்திப் பாருங்கள். இறந்தவர் நல்ல சம்பளக்காரராகவே இருந்திருக்கலாம். மனு போடுவது மனைவி, பிள்ளைகள், தாய். அவர்கள் எல்லாருமே தகுதியுள்ளவர்கள். காயம்பட்ட ஆண் வருமான வரம்பைத் தாண்டினாலும், விபத்தில் ஊனம் ஏற்பட்டு அதற்குச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மாற்றுத்திறனாளி என்ற வகையில் வந்துவிடுவார். புதிய தன்னார்வலர்கள் வருமானச் சான்றிதழை முதலில் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்புவது நான் அதிகம் பார்த்த தவறு. வருமானத்துக்குக்கூட உறுதிமொழிப் பத்திரமே போதும் என்கிறது 13ஆம் பிரிவு. அதை நம்ப மறுக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்கலாம்.

இதே தகுதிதான் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும், நுகர்வோர் ஆணையத்துக்கும், கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கும். முதியோர் பராமரிப்புத் தீர்ப்பாயம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கோட்டாட்சியர் முன்னால் நடக்கும் அந்த விசாரணையில் வக்கீல் ஆஜராவதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை போடுகிறது. அங்கே சட்ட உதவி என்பது ஆலோசனை சொல்வதும் மனு எழுதித் தருவதும்தான்.

3. காலண்டரில் ஆறு மாதத்தைக் குறியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 166ஆம் பிரிவில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கெடு சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். கெடு தாண்டி வந்திருந்தாலும் "அவ்வளவுதான்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கெடு எப்படித் தவறுகிறது என்று சொல்கிறேன். இறந்தவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம், அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்கு அலைச்சல், அது வந்த பிறகுதான் வக்கீல் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். காயம்பட்டவர் இரண்டாவது ஆபரேஷன் முடியட்டும் என்று காத்திருப்பார். இரண்டுமே வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருந்தாலே சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற காகிதங்கள் பின்னால் வரட்டும்.

போலீஸ் தரப்புக்கும் கெடு இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மத்திய விதிகளின்படி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் 2ஐ 10 நாளுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் "போலீஸே அனுப்பிடுவாங்க" என்று நம்பி உட்காராதீர்கள். அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யும்வரை, போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. காகிதங்கள்: எதை முதலில் வாங்க வேண்டும்

ஒரு அக்கா மழையில் நனைந்த மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே மருந்து பில், ஸ்கேன், ரேஷன் அட்டை எல்லாம் இருந்தன. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஒற்றைத் தாளை விசிறிக்கு அடியில் காயவைத்துப் படித்தேன். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்; எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். 'பைக்கில் போகும்போது தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது' என்று எழுதியிருந்தது. உண்மையில் பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. ஆம்புலன்ஸில் கூட வந்த யாரோ ஒருவர், முழு விவரம் தெரியாமல் அவசரத்தில் சொன்னது அது. அந்த ஒரு வரியைத் தாண்டுவதற்கு, நேரில் பார்த்த டீக்கடைக்காரரைத் தேடிப் பிடித்துச் சாட்சிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதனால் ஏ.ஆர். காப்பியை முதலில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலும் அதைத்தான் முதலில் புரட்டுவார். அதில் என்ன இருக்கிறது என்பது உங்கள் வக்கீலுக்கு மனு எழுதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து போலீஸ் காகிதங்கள்: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதிய குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை. வரைபடத்தைக் கூர்ந்து பாருங்கள். சாலையின் எந்தப் பக்கத்தில் மோதல் நடந்தது என்பது அதில்தான் தெரியும். எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, இருக்கிறது என்றும் பாருங்கள். சில வழக்குகளில் இறந்துபோனவர் மீதே வழக்குப் பதிந்திருப்பார்கள். பேச ஆள் இல்லாதவர் மீது தவறு சுமத்துவது சுலபம். அப்படி இருந்தால் முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் சொல்லுங்கள். வழக்கின் போக்கே அதனால் மாறும்.

மோதிய வண்டியின் ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் பாலிசி ஆகியவற்றின் நகல்கள் வழக்கமாகப் போலீஸ் கோப்பில் இருக்கும். பாலிசி விபத்து நாளன்று உயிரோடு இருந்ததா என்று தேதியைச் சரிபாருங்கள். வண்டி எண் மட்டும் இருந்தாலும் எம்பரிவாகன் செயலியில் காப்பீட்டு விவரத்தைத் தேடலாம். அரசுப் பேருந்து என்றால் பாலிசி தேட வேண்டாம். போக்குவரத்துக் கழகமே நேரடியாகப் பொறுப்பு.

இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். காயம் என்றால் காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள். அரசின் 48 மணி நேர இலவசச் சிகிச்சையில் சேர்ந்திருந்தால் பில் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

வயதுக்கு ஆதார், பள்ளிச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டில் வேறு வேறு பிறந்த ஆண்டு இருப்பது நம் ஊரில் சகஜம். 7ஆம் படியில் அதன் விலை தெரியும்.

5. விண்ணப்பம் கொடுப்பது

மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு. எங்கே கொடுத்தாலும் ஏற்க வேண்டும். போக முடியாத நிலையில் இருப்பவர் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும்; அலுவலகத்தில் இருப்பவர் எழுதிக் கைரேகை வாங்கிக்கொள்வார்.

எந்த ஊர் தீர்ப்பாயம் என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திருச்சிக்காரர் சென்னையில் அடிபட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சாட்சிகள் எல்லாம் விபத்து நடந்த ஊரில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். மாவட்டங்களில் மாவட்ட நீதிபதியும் சார்பு நீதிபதியும் தீர்ப்பாயமாக உட்காருவார்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்.

விண்ணப்பத்தில் 'இழப்பீடு வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். விபத்து நடந்த தேதி, காவல் நிலையம், குற்ற எண், ஆறு மாதம் முடியும் தேதி ஆகியவற்றை மேலேயே எழுதுங்கள். கெடு நெருங்குகிறது என்பது முதல் பார்வையிலேயே ஆணைக்குழுவின் செயலாளர் கண்ணில் பட வேண்டும். செயலாளர் ஒரு நீதிபதி. தேதியின் அருமை அவருக்குத் தெரியும்.

ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நிராகரித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஆணைக்குழுவின் தலைவரான மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஏற்கெனவே வேறு வக்கீலுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா? மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனை வராந்தாவிலேயே, கட்டில் பக்கத்திலேயே, "வர்ற பணத்துல இத்தனை சதவீதம்" என்று பேசிக் கையெழுத்து வாங்கிப் போகிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். மயக்கம் தெளியாத ஆளின் கட்டைவிரலில் மை பூசப்பட்டதைப் பார்த்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. மனு இன்னும் தாக்கலாகவில்லை என்றால் கதை சுலபம். தாக்கலாகியிருந்தால் பழைய வக்கீலிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். தர மறுத்தால் தீர்ப்பாயத்தின் அனுமதி கேட்க வேண்டும். நடக்கக்கூடியதுதான், நாள் பிடிக்கும்.

6. பேனல் வக்கீலுடன் முதல் சந்திப்பு

நியமனக் கடிதத்தில் வக்கீலின் பெயரும் போன் எண்ணும் இருக்கும். பேனலில், அதாவது ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில், உங்களுக்குத் தெரிந்த, விபத்து வழக்கு நடத்திப் பழகிய வக்கீல் இருந்தால் அவர் பெயரை விண்ணப்பிக்கும்போதே கேட்கலாம். செயலாளர் அனுமதிக்க முடியும். இந்த உரிமை இருப்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

பேனல் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கோர்ட் ஸ்டாம்பு, நோட்டீஸ் கட்டணம், நகல் செலவு எல்லாமே சட்ட உதவியில் அடங்கும். யாராவது கேட்டால் சண்டை போடாதீர்கள், கொடுக்கவும் செய்யாதீர்கள். செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பேனலில் அக்கறையோடு உழைக்கிற வக்கீல்கள் நிறையப் பேர். ஆனால் போன் எடுக்காத, வாய்தாவுக்கு வராத வக்கீல் அமைந்துவிட்டால் 'இலவசம்தானே' என்று பொறுத்துப் போக வேண்டாம். மாற்றித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

முதல் சந்திப்புக்குக் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, இரண்டு செட் நகலோடு போங்கள். அசலைக் கொடுத்தால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்து: ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர் போனோம், எதுவானாலும் சரி. இவை வழக்கைக் கொன்றுவிடாது. பங்குத் தவறு என்று கொஞ்சம் கழிக்கலாம், அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் உங்கள் வக்கீலே முதல்முறையாகக் கேள்விப்பட்டால்தான் ஆபத்து.

7. எவ்வளவு கேட்பது: கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியை வக்கீலிடம் விட்டுவிட்டு ஒதுங்காதீர்கள். மொத்த வழக்கின் எடையும் இங்கேதான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. 164ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், அதோடு முடிந்தது. 166ஆம் பிரிவில் எதிர்வண்டி ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆனால் உச்சவரம்பு இல்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும். சாட்சியே இல்லாத, போலீஸ் காகிதமும் எதிராக இருக்கிற வழக்குக்கு முதல் வழி நல்லது. மற்றபடி இரண்டாவதுதான்.

166இல் கணக்கு எப்படி வருகிறது என்பதை உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்திருக்கிறது. ஒரு உதாரணம். இறந்தவர் கொத்தனார், வயது 34. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வைப்போம்.

சொந்தத் தொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழே. எனவே எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. நம்பியிருந்தவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க வேண்டும், மிச்சம் 15,750. வருடத்துக்கு 1,89,000. இதை வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்; 31 முதல் 35 வயதுக்கு அது 16. மொத்தம் 30,24,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, சொத்திழப்பு என்று தனித்தனியாகச் சேரும்.

இப்போது வயதைப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் 34, ஆதாரில் 36 என்றிருந்து ஆதாரைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால் பெருக்கெண் 15. ஒரு எண் குறைந்ததில் 1,89,000 ரூபாய் போய்விட்டது. உண்மையான வயது எது என்று உறுதி செய்துகொண்டு, அதற்கான நல்ல ஆதாரத்தை முதலிலேயே வையுங்கள்.

வருமானம் அடுத்த இடறல். தினக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு என்று சும்மா விட்டுவிடுகிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் கடிதம், வங்கிப் புத்தகம், கூகுள் பே வரவு, மகளிர் குழுவில் கட்டிய தவணை, பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம் எல்லாமே பேசும். மேஸ்திரி கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, கூண்டுக்கும் வரச் சம்மதிக்க வேண்டும். இறந்தவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் என்றால் 'வருமானம் இல்லை' என்று எழுத விடாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

காய வழக்கில் இன்னொரு நுணுக்கம். மருத்துவக் குழு கொடுக்கிற ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு கை போனால் மேசை வேலை பார்ப்பவர் அதே வேலையில் தொடரலாம்; தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும். 40 சதவீதச் சான்றிதழைப் பார்த்துவிட்டு 40 சதவீதம் மட்டும் கேட்டு நிற்காதீர்கள். அவர் தினமும் செய்த வேலை என்ன, அதில் எதை இனிமேல் செய்ய முடியாது என்று மனுவில் விவரமாக எழுதச் சொல்லுங்கள். சாரத்தில் ஏற முடியாது, சிமென்ட் சட்டி தூக்க முடியாது, குந்தி உட்கார்ந்து தரை பூச முடியாது, இப்படி.

மனுவில் ஓட்டுநர், வண்டி உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரின் சரியான முகவரி வேண்டும். முகவரி தப்பானால் நோட்டீஸ் திரும்பி வரும். அதிலேயே மாதங்கள் கரையும். தாக்கலானதும் எம்.சி.ஓ.பி. எண்ணை, அதாவது உங்கள் இழப்பீட்டு மனுவின் வழக்கு எண்ணை, கேட்டு எழுதி வையுங்கள். அந்த எண் இருந்தால் அடுத்த வாய்தா எப்போது என்று இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம்.

8. கூண்டில் ஏறும் நாள்

மனுதாரர்தான் முதல் சாட்சி. பிரமாண வாக்குமூலத்தை வக்கீல் தயார் செய்வார். அதைத் தமிழில் வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். 'கணவர் மாதம் 40,000 சம்பாதித்தார்' என்று உள்ளே இருப்பது தெரியாமல், கூண்டில் "ஒரு பதினஞ்சு வரும் சார்" என்று சொன்னால், அதற்கப்புறம் அவர் சொல்கிற எதையுமே நம்புவது நீதிபதிக்குக் கஷ்டம்.

நேரில் பார்க்காதவர் பார்த்ததாகச் சொல்லவே கூடாது. மனைவி வீட்டில் இருந்திருப்பார். "போன் வந்தது, ஓடினேன்" என்பதுதான் உண்மை, அதைச் சொன்னால் போதும். விபத்தை நிரூபிக்க நேரில் பார்த்தவர் தனியாக வர வேண்டும். கிரிமினல் வழக்கு அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

9. லோக் அதாலத்தில் கூப்பிட்டால்

மக்கள் நீதிமன்றத்தில் விபத்து வழக்குகள் நிறையச் சமரசமாகின்றன. நல்ல வழிதான். பணம் சீக்கிரம் வரும், மேல்முறையீட்டு இழுபறி இல்லை. அதே காரணத்தால்தான் எச்சரிக்கையும் வேண்டும்: அங்கே கையெழுத்துப் போட்டால் உங்களாலும் மேல்முறையீடு செய்ய முடியாது.

7ஆம் படியில் போட்ட கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எதிர்த்தரப்பு சொல்கிற தொகையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வட்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். விரைவுக்காகவும் நிச்சயத்துக்காகவும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நியாயம். பாதிக்கும் கீழே என்றால் "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம். அதற்காக யாரும் கோபிக்க முடியாது. வழக்கு இருந்த இடத்திலேயே தொடரும். சிகிச்சை முடியாமல், ஊனம் எவ்வளவு என்று தெரியாமல் சமரசத்துக்குப் போகவே வேண்டாம்.

10. தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு வந்த அன்றே பாதிப் பேர் பணம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அரசுப் பேருந்தில் கோர்ட் அமீனா ஜப்தி நோட்டீஸ் ஒட்டுகிற செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதெல்லாம் இந்தப் படியில் நடப்பதுதான். நிறைவேற்று மனுவுக்கும் சட்ட உதவி உண்டு. வேறு வக்கீலைப் பணம் கொடுத்துத் தேட வேண்டாம்.

தொகை குறைவு என்று நினைத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போடுங்கள். மேல்முறையீட்டுக்கு வக்கீல் வேண்டுமென்றால் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டத்தில் கிடைத்த நியமனம் அங்கே தானாகத் தொடராது. இதைத் தெரியாமல் 90 நாளையும் வீணாக்கியவர்கள் உண்டு.

பணம் தீர்ப்பாயக் கணக்குக்கு வந்ததும், எடுக்கத் தனி மனு. மனுதாரர் ஒவ்வொருவர் பெயரிலும் தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். மச்சான் கணக்கு, மாமா கணக்கு எதுவும் வேண்டாம். புத்தகத்தின் முதல் பக்க நகல், ஆதார், பான் ஆகியவற்றை வக்கீலிடம் முன்பே கொடுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புத்தகத்தில் கணவர் பெயரின் இனிஷியலும் இன்னொன்றில் அப்பா பெயரின் இனிஷியலும் இருந்ததால் மூன்று மாதம் நின்றுபோன பணத்தை எனக்குத் தெரியும்.

பிள்ளைகளின் பங்கு 18 வயதுவரை தேசிய வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடக்கும். வட்டியை அம்மா படிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதிக்கும். ஆனால் மனுவில் அதைக் கேட்டிருக்க வேண்டும். வைப்புத்தொகை ரசீது எந்த வங்கி, எந்தக் கிளை, என்றைக்கு முதிர்வு என்று ரேஷன் அட்டை வைத்திருக்கும் அதே உறையில் எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையே கோர்ட்டுக்கு வந்து வாங்க வேண்டிய பணம் அது.